முருகேசன் எஸ், முருகேசன் எஸ்

எங்கள் கம்பெனியின் உள் இதழுக்கு ‘என் பயணம்’ என்று ஐந்நூறு வார்த்தையில் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெறுகிற எல்லாரிடமும் கேட்பதுதான். கூடவே சிரித்த முகமாக ஒரு போட்டோவும் வேண்டும். எழுதிக் கொடுத்தேன். “மேடம், கொஞ்சம் பாசிட்டிவா மாத்தித் தர முடியுமா?” என்று திரும்பி வந்தது. எனக்கு இதைவிடப் பாசிட்டிவாக எழுத வராது. அதனால் அதையே இங்கே, வார்த்தையை எண்ணாமல் எழுதுகிறேன்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழியனுப்பு விழாவில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ரெஃபரன்ஸ் லிஸ்ட் எல்லாம் நீங்க ஒண்ணொண்ணா கையாலதான் பண்ணீங்களாமே அக்கா? பாவம்க்கா நீங்க. இப்ப பட்டன் தட்டினா ஆயிடுது” என்றாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் பாவம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் பாவம் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, பிடித்துச் செய்த வேலை அது.

என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினால், தாங்கள் எந்தெந்தக் கட்டுரைகளைப் படித்து, எதன் மேல் நின்று பேசுகிறோம் என்பதைக் கடைசியில் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அதுதான் ரெஃபரன்ஸ் லிஸ்ட். ஒவ்வொரு ஆய்வு இதழுக்கும் அந்தப் பட்டியலை எழுத ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி எழுதுகிற விஞ்ஞானியை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்க்கவில்லை. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கட்டுரைகளை எங்களுக்கு அனுப்பும். அடுகோடியில் இருக்கிற எங்கள் கட்டடத்தில் உட்கார்ந்து நாங்கள் சீர் செய்து அனுப்புவோம்.

நான் ஜோகுபாளையத்துக்காரி. அப்பா அல்சூரில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டார். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். பிறகு இந்தக் கம்பெனி. பயிற்சி என்று தனியாக ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு தடித்த விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஸ்ரீபாத சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஸ்ரீபாத சார்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. தப்பு நடந்திருந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு, காபி டம்ளரோடு வந்து நம் பக்கத்தில் உட்காருவார். “ஓதம்மா” என்பார். அந்தப் பதிவை நாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சும்மா படித்தால் போதாது. பெயர், இடைவெளி, இனிஷியல், கமா, அடுத்த பெயர், கடைசியில் புள்ளி, தலைப்பு, புள்ளி, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி எண், முக்காற்புள்ளி, பக்கம் என்று புள்ளி விடாமல் உச்சரிக்க வேண்டும். அச்சகத்தில் அவர் வேலை கற்ற காலத்துப் பழக்கம் அது. தப்பு வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், காபியை ஒரு வாய் குடித்துவிட்டு “இன்னொந்து சல” என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். தப்பு எங்கே என்று மட்டும் சொல்லவே மாட்டார். நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் இன்னொந்து சலதான். ஒருமுறை ஒரே பதிவைப் படித்துப் படித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு என்னவென்றால், இதழ் பெயரின் சுருக்கத்தில் ஒரு சொல்லை நான் சுருக்காமல் விட்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கமாவுக்கு இவ்வளவு கூத்தா என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். தூரத்து ஊரில் ஒரு டாக்டர் ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் வந்து, கட்டுரையின் கடைசிக்குப் போய், அந்தப் பட்டியலில் இருக்கிற எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலக் கட்டுரையைத் தேடுவார். பக்க எண் தப்பாக இருந்தால் அவருக்கு அது கிடைக்காது. அவ்வளவுதான் என் விளக்கம். இதற்கு மேல் யாருக்கும் நான் விளக்கம் சொன்னதில்லை.

பட்டியலில் எனக்கு எப்போதும் தகராறு பெயர்களோடுதான். குடும்பப் பெயர் முதலில், அதன் பிறகு சொந்தப் பெயரின் முதல் எழுத்து என்பது விதி. விதி எழுதியவர்கள் ஊரில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு எங்கே இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு நம் பெயரை எழுதுகிறோம். நான் பா. கோமதி. பா. என்றால் பாளையம், என் அப்பா பெயர். கம்பெனியில் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் குடும்பப் பெயர் கேட்டது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. அலுவலகப் பையன் அங்கேயும் கோமதி என்றே அடித்துவிட்டான். கடைசி வரைக்கும் என் அடையாள அட்டையில் நான் கோமதி கோமதி. எங்கள் மாடியில் பாதிப் பேர் இப்படித்தான் இருந்தோம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் சுந்தரி முருகேசன். ஆய்வுப் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அவர் கொடுத்திருந்த பட்டியலில் ஒரு பதிவு இப்படி இருந்தது: முருகேசன் எஸ், முருகேசன் எஸ், தாமஸ் ஜே. அப்புறம் தலைப்பும் மற்றதும். எங்கள் கம்ப்யூட்டர் உடனே மஞ்சள் அடித்தது. இணையத் தரவுத்தளத்தில் தேடினால் அந்தக் கட்டுரைக்கு இரண்டே ஆசிரியர்கள்தான்: முருகேசன் எஸ், தாமஸ் ஜே. எங்கள் விதிப்படி தரவுத்தளம் சொல்வதுதான் சரி. நகலெடுத்து ஒட்டும்போது பெயர் இரண்டு தடவை விழுந்திருக்கும் என்று எடுத்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆசிரியருக்கு ஒரு கேள்வி போட்டேன். சந்தேகம் வந்தால் கட்டுரையின் ஓரத்தில் எண் போட்டுக் கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். ‘இங்கே ஒரே பெயர் இருமுறை வருகிறது. ஒன்றை நீக்கலாமா?’ என்று கேட்டிருந்தேன்.

சரிபார்க்கச் சொல்லி ஆசிரியருக்குப் போகிற புரூஃப் மெயிலின் அடியில் எங்கள் பிரிவின் போன் எண் இருக்கும். யாரும் அதில் கூப்பிட்டதில்லை. அந்தப் பெண் கூப்பிட்டார்.

“மேடம், அது ரெண்டு ஆளு. தயவு செஞ்சு எடுத்துடாதீங்க. மொத ஆளு நானு. ரெண்டாவது என் கைடு.”

“கைடு பேரும் முருகேசனா?”

“அவரு எஸ். முருகேசன் மேடம். நானு எம். சுந்தரி. எம்முன்னா முருகேசன், எங்கப்பா. அப்பா பேர விரிச்சு எழுதினதால உங்க ஸ்டைல்ல நானும் முருகேசன் எஸ் ஆயிட்டேன்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. கைடுக்கு முருகேசன் சொந்தப் பெயர், இந்தப் பெண்ணுக்கு அது அப்பா பெயர். அங்கே எஸ் அவருடைய அப்பா, இங்கே எஸ் சுந்தரி. விதியைப் போட்டுப் பிழிந்ததில் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

“அப்போ டேட்டாபேஸ்ல ஒருத்தர் பேரு எங்கம்மா போச்சு?”

“அச்சாகி வர்றப்பவே ஒரு பேருதான் வந்துச்சு. கைடு ஒரு மெயில் போட்டாரு, பதில் வரல, அதோட விட்டுட்டாரு. எல்லாரும் அது அவரு பேப்பர்னுதான் நெனைக்கிறாங்க. இப்ப ஒரு வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன் மேடம். விண்ணப்பம் பாக்குற கமிட்டி, இந்தப் பேப்பர்ல உங்க பேரே இல்லையேன்னு அடிச்சுட்டாங்க. கெடுவுக்குள்ள திருத்தம் காட்டினா சேத்துக்குவாங்களாம். என்னோட முக்கியமான வேலையே அதுதான். நான் டூப்ளிகேட் இல்ல மேடம்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. கோபமாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பழைய கட்டுரை வந்த இதழின் பெயரைப் பார்த்தேன். அது எங்கள் கம்பெனி வேலை செய்கிற இதழ். பழைய கோப்புகளைத் திறந்தேன். ஆசிரியர் அனுப்பிய மூலப் பிரதியில் மூன்று பேரும் இருந்தார்கள். எங்கள் கை பட்டு, பெயர்கள் இதழின் முறைக்குச் சுருங்கிய பிரதியில் இரண்டு பேர். நடுவில் ஓடியிருந்தது ஸ்ரீபாத சாரின் மேக்ரோ. மேக்ரோ என்றால், ஒரே பொத்தானில் பல திருத்தங்களைச் செய்துவிடுகிற சின்ன நிரல். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இரண்டு தடவை வந்த பெயரை எடுத்துவிடுவது அதன் வேலைகளில் ஒன்று. அதை எழுதியதற்காக அவருக்கு மேடையில் சால்வை போட்டிருக்கிறார்கள். எத்தனையோ கட்டுரைகளில் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இதில் ஒரு பெண்ணைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது.

கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது.

“ஈகேனு மாடோது?” என்றார். இப்போ என்ன செய்வது என்று என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு தமிழுக்கு வந்தார். “கோமதி, அது பழைய ஃபைல். இப்போ கையில இருக்கறத பாரு. டேட்டாபேஸ்ல இருக்கற மாதிரி ஒரு பேரு வெச்சுக் கொடு. முடிஞ்சுது.”

“முடியாது சார்.”

“பின்ன என்ன செய்யணும்ங்கற?”

“பழைய இதழுக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்லணும். நம்மதான் எடுத்தோம்னு எழுதணும்.”

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “எழுதினா என்னாகும் தெரியுமா? இன்னும் எத்தனை பேர எடுத்திருக்கீங்கன்னு கேப்பாங்க. எல்லாப் பழைய ஃபைலும் தெறக்கணும். ஜர்னல் கைய விட்டுப் போகும். பேடம்மா, வேண்டாம். அந்தப் பொண்ண அப்பா பேர விட்டுட்டு வேற ஏதாச்சும் வெச்சுக்கச் சொல்லு. கல்யாணமானா வீட்டுக்காரர் பேரு வெச்சுக்கலாம். எல்லாரும் அதானே செய்றாங்க?”

“அவங்க பேர மாத்தணுமா, நம்ம மேக்ரோவ மாத்தணுமா சார்?”

அவர் தன் திரைக்குத் திரும்பிவிட்டார். இருந்தாலும் அவர் சொன்னதை நான் சுந்தரியிடம் சொல்லிக் கேட்டேன். மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

“எங்கப்பா ஆனேக்கல்–ஓசூர் பஸ்ல கண்டக்டரு மேடம். நானு காலேஜ் சேர்ற வரைக்கும் எம். சுந்தரிதான். மொத பேப்பர் எழுதுறப்போ அவரு பேரு முழுசா அச்சுல வரட்டும்னு நானாத்தான் விரிச்சு எழுதினேன். அச்சுல வந்துச்சு. ஆனா ஜனங்க அத இன்னொருத்தரு பேருன்னு படிக்கிறாங்க. இப்ப அதையும் எடுத்துட்டா, அவருக்கு நான் என்ன சொல்றது?”

போனை வைத்தேன். என் அப்பா பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. அந்த நினைப்பும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, அன்றைக்கே உட்கார்ந்து பதிப்பகத்துக்குப் போகிற குறிப்பை எழுதினேன். ‘இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர், அச்சுக்குத் தயாரிக்கும்போது எங்களால் நீக்கப்பட்டது. திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.’ இவ்வளவுதான் எழுதினேன்.

குறிப்புகள் நேராகப் போகாது. ஸ்ரீபாத சார் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். அவர் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“‘எங்களால் நீக்கப்பட்டது’ங்கறத எடுத்துரு. ‘விடுபட்டுள்ளது’ன்னு போடு. நான் இப்பவே அனுப்பறேன்.”

“விடுபடல சார். எடுத்துட்டோம். யாரோ மறந்துட்ட மாதிரி போட்டா, அந்தப் பொண்ணுதான் சரியாக் கொடுக்கலன்னு ஆயிடும்.”

“பிடிவாதம் பண்ணாத கோமதி.”

“எடுக்கணும்னா நீங்களே உங்க லாகின்ல எடுங்க சார். என் கையால எடுக்க மாட்டேன். அது போற வரைக்கும் இந்தப் புதுக் கட்டுரையையும் முடிச்சுத் தர மாட்டேன்.”

சொன்னபடியே முடித்துத் தரவில்லை. கெடு தாண்டிய கட்டுரைகள் சுவரில் இருந்த பெரிய திரையில் சிவப்பில் தெரியும். ஒரு கட்டுரை சிவப்பில் கிடந்தால் பிரிவு முழுக்கவே மதிப்பெண் இறங்கும். பக்கத்து மேஜைக்காரி என்னோடு சாப்பிட வருவதை நிறுத்தினாள். “ஒரு பேருக்காக எல்லார் வயித்துலயும் அடிக்கிறியா?” என்று நேராகவே கேட்டாள். ஆமாம், ஒரு பேருக்காகத்தான் என்றேன். தினமும் காலையில் ஸ்ரீபாத சார் மேஜைக்கு முன்னால் போய் நின்று, “போச்சா சார்?” என்று கேட்பேன். “நோடோணா” என்பார். பார்க்கலாமாம்.

ஒரு நாள் காலை நான் கேட்பதற்கு முன்னாலேயே “ஹோய்து” என்றார். போய்விட்டது. என் கணினியில் திறந்து பார்த்தேன். நான் எழுதியது எழுதியபடியே போயிருந்தது, ‘எங்களால்’ என்ற சொல் உட்பட. சிவப்புத் திரைக்குப் பயந்து அனுப்பினாரா, மனசு கேட்காமல் அனுப்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை. அன்று மதியமே சுந்தரியின் கட்டுரையை முடித்துக் கொடுத்தேன். இரண்டு முருகேசன்களும் அதில் இருந்தார்கள்.

பதிப்பகம் திருத்தம் போட ஒப்புக்கொண்டது. அந்தத் திருத்தக் குறிப்பை அச்சுக்குத் தயாரிக்க வேண்டியதும் நாங்கள்தானே? இரண்டே வரிதான். ‘ஆசிரியர் வரிசை தவறாக வெளியானது. சரியான வரிசை’ என்று தொடங்கி மூன்று பெயர்கள். வழக்கம்போல அதன் மேலும் மேக்ரோ ஓடியது. ஓடி முடிந்ததும், சரியான வரிசையில் பழையபடி ஒரே ஒரு முருகேசன் எஸ் நின்றார்.

ஸ்ரீபாத சார்தான் அதைப் பார்த்தவர். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மேக்ரோவை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, விட்டுப்போன பெயரைத் தானே விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். முருகேசன், இடைவெளி, எஸ், கமா, முருகேசன், இடைவெளி, எஸ், கமா. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “சரியா?” என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். சரி சார் என்றேன். அந்த வாரமே மேக்ரோ பெயரை எடுப்பதை நிறுத்திவிட்டது. எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றி எழுதிவிட்டார்.

இதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். பதிப்பகம் பழைய கோப்புகளைத் திறக்கச் சொன்னது. பெயர் தொலைந்தவர்கள் இன்னும் சிலர் அகப்பட்டார்கள், அவர்களுக்கும் திருத்தம் போனது. பிரிவே மாதக்கணக்கில் அந்தக் கூடுதல் வேலையைச் சுமந்தது, எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். அந்த ஆண்டு மதிப்பீட்டில் ‘மேலதிகாரியின் அறிவுறுத்தலை ஏற்பதில்லை’ என்று என் பெயருக்கு எதிரே எழுதினார்கள். படித்துவிட்டு, உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டேன். என்னை அந்த இதழ்களிலிருந்து மாற்றினார்கள். குழுத் தலைவி பதவி எனக்கு வரவே இல்லை. என் ‘பயணத்தில்’ கம்பெனி உள் இதழ்க்காரர்களுக்குப் பிடிக்காமல் போனது இந்தப் பகுதிதான். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதே சொல்லைத்தான் எழுதுவேன்.

சுந்தரிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. திருத்தம் வெளிவந்தபோது கமிட்டியின் கெடு முடிந்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, குறிப்பு எங்கள் வரிசையில் சும்மா கிடந்த நாட்களை நினைத்து. அடுத்த வருடம் வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது என்று போன் செய்தார்.

“திருத்தம் வந்த பக்கத்த அப்பாகிட்ட காட்டினேன் மேடம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. ரெண்டு முருகேசன் இருக்குதே, இதுல நான் எதுன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“மொத முருகேசன் நீதான்பான்னு சொன்னேன்.”

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தரவுத்தளம் மாறவில்லை. திருத்தம் அங்கே தனியாக ஒரு பதிவாக நிற்கிறது, பழைய பதிவில் இன்னமும் இரண்டே பேர்தான். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், எங்கோ ஒரு வெளிநாட்டில் யாரோ எழுதிய கட்டுரை என்னிடம் வந்தது. அதன் பட்டியலில் சுந்தரியின் கட்டுரையும் இருந்தது. எழுதியவர் திருத்தத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும். மூன்று பெயர்களையும் ஒழுங்காகப் போட்டிருந்தார். புதிய நிரல் எச்சரித்தது: ஒரே பெயர் இருமுறை, தரவுத்தளத்தோடு பொருந்தவில்லை, நீக்கவா? வேண்டாம் என்று அழுத்தினேன். நீக்காவிட்டால் பிழையாகக் கணக்கிடப்படும் என்றது. மறுபடியும் வேண்டாம் என்று அழுத்தினேன். என் கணக்கில் ஒரு பிழை ஏறியது. ஏறட்டும்.